மண்ணுப் பங்கு

14 அக்டோபர் 2024, திங்கள்

காலையில் சர்க்கரை அளவு பார்த்தேன். கட்டுக்குள் இருக்கிறது. மதியம் சாமைச் சோறும் அவரைக்காய்ப் பொரியலும். சாமையைக் குழையாமல் வடிப்பதில் கோகிலா தேர்ந்தவள். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "நம்ம காட்டுதுதானுங்க" என்றாள். நம் காட்டில் விளைந்ததை நான் அறுத்த கையோடு வியாபாரிக்கு ஏற்றிவிட்டேனே என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. அடுக்களைக் காரியங்களில் நான் தலையிடுவதில்லை.

மாலையில் மேல்காட்டைப் பார்க்கப் போனேன். கல்வரப்பு ஓரிடத்தில் சரிந்து கிடக்கிறது. கல்லூரி வேலையை விட்டு மலைக்குத் திரும்பிய ஆண்டில் ஆள் வைத்துக் கட்டிய வரப்பு அது. சரிந்தது மழையால் அல்ல. கடப்பாரைக் குத்து தெளிவாகத் தெரிகிறது. சின்னுசாமி.

அடுத்த காட்டுக்காரன். தூரத்துப் பங்காளி முறை வேறு. ஒவ்வோர் ஆண்டும் சாமை அறுவடை முடிந்ததும் அவனும் அவன் மனைவி பெருமாயியும் என் நிலத்து எலி வளைகளைத் தோண்டுகிறார்கள். எலி குழம்புக்கு. எலி உள்ளே சேர்த்து வைத்த கதிர் கூடைக்கு. யார் நிலமானாலும் வளைக்குள் இருப்பது தோண்டியவனுக்கே என்பது இம்மலையின் வழக்கமாம். நான் படித்த எந்தச் சட்டத்திலும் இப்படியொரு பிரிவு இல்லை.

16 அக்டோபர், புதன்

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன். ஓடைப் பக்கமாக ஏறி வந்தான். தோளில் கடப்பாரை. பின்னால் கூடையுடன் பெருமாயி.

இனி என் நிலத்தில் கடப்பாரை இறங்கக் கூடாது என்றேன்.

"எலி திங்கறதத்தானுங்க எடுக்கறம், வாத்தியாரு பங்காளி. உங்க வாயில இருந்தா புடுங்கறம்?"

"எலியக் கேட்டுட்டுத்தானுங்க எடுக்கறம்" என்று பெருமாயி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மீறினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பேன் என்றேன். அவன் கடப்பாரையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"செரிங்க. எலிக்கும் ஒரு வார்த்த சொல்லிப் போடுங்க, இனிமே பயப்படாம இருந்துக்கச் சொல்லி."

வாத்தியார் என்ற சொல்லை அவன் உச்சரிக்கும் விதத்தில் இருக்கும் ஏளனத்துக்குத் தண்டனைச் சட்டத்தில் இடமில்லை. இருந்திருக்க வேண்டும்.

4 நவம்பர், திங்கள்

ஊராட்சியில் கூட்டம். பக்கத்து ஊரில் இருவருக்கு எலிக் காய்ச்சல் கண்டிருக்கிறது. அதனால் புதிய விதிகள். ஊராட்சிச் செயலர் முருகானந்தம் படித்தார். சொத்து எவர் பெயரில் இருக்கிறதோ அவரே தம் எல்லைக்குள் எலி வளை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் ஊராட்சி ஆள் வைத்துச் செய்து செலவை அவரிடமே வசூலிக்கும், அபராதமும் உண்டு. மருந்து வைப்பவர் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். எல்லையை ஒட்டிய நிலக்காரர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நாள், வெளியே கிடக்கும் மருந்தையும் செத்த எலிகளையும் ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

ஒழுங்கான விதிகள். வாக்கிய அமைப்பு மட்டும் கொடுமை. 'வளை' மூன்று இடங்களில் 'வலை' ஆகியிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

சின்னுசாமி பின்வரிசையிலிருந்து எழுந்தான். "ஏனுங்க செயலரே, எலிக்குப் பட்டா கெடையாதுங்களே, அது எந்த ஊட்டு எலின்னு எப்புடிங்க கண்டுபுடிப்பீங்க?" கூட்டம் சிரித்தது. அவன் என்னைப் பார்த்தபடியே தொடர்ந்தான். "எங்க காட்டு எலியெல்லாம் வாத்தியாரு காட்டுக்கு விருந்தாடிப் போயிருச்சுங்க. அங்க கடப்பாரத் தொந்தரவு இல்லீங்களாமா."

மீண்டும் சிரிப்பு. முருகானந்தமும் சிரித்தார். அதைக் குறித்து வைக்கிறேன்.

9 நவம்பர், சனி

பரணில் எலிச் சத்தம். மிளகு மூட்டையில் ஓட்டை.

12 நவம்பர், செவ்வாய்

நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்கு. இந்தப் பகுதியிலேயே எனக்கு மட்டும். 'அருணாசலம் அவர்களின் பட்டா நிலத்தில் எலி வளைகள் மிகுதியாகக் காணப்படுவதால்...' விலங்கியலில் முதுகலை. கொறிக்கும் பிராணிகளைப் பற்றி இருபதாண்டுக் காலம் பாடம் நடத்தியவன். என் கதவைத் தட்டி, என் மனைவி எதிரில், எலியை ஒழிக்குமாறு தாள் நீட்டுகிறார்கள்.

"சின்னுசாமியண்ணனத் தோண்டச் சொன்னா ரெண்டு நாள்ல ஆயிருங்க" என்றாள் கோகிலா.

அந்தப் பெயரை இவ்வீட்டில் இனிச் சொல்லாதே என்றேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதற்கெடுத்தாலும் முறம்.

அபராதம் பெரிதன்று. சிரிப்புத்தான்.

15 நவம்பர், வெள்ளி

விதிப்படி நடப்பது என்றால் என்ன என்று இந்த ஊருக்கு ஒரு முறை காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எலி மருந்தாகக் கறுப்புப் பொடி, நாமக்கல்லிலிருந்து. சாமை அரிசியில் எண்ணெய் விட்டுப் பிசறி, ஒவ்வொரு வளைக்குள்ளும் நானே கையுறை போட்டு வைத்தேன். எச்சரிக்கைப் பலகையை என் கையால் எழுதிச் சாலையோர நுழைவாயிலில் நட்டேன். விதி ஒரு பலகை என்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஓடைப் பக்கம் பாதையே கிடையாது, சட்டப்படி.

பிறகு அறிவிப்பு. எல்லையை ஒட்டிய நிலக்காரன் ஒருவனே. முழுத் தாளில், பிழையற்ற தமிழில், மருந்தின் வேதிப் பெயர் உட்பட எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.

"என்னங்க எழுதியிருக்குது?"

படிக்கச் சொல்லித் தெரிந்துகொள் என்றேன்.

"மறுபடியும் போலீசுங்களா? நான்தான் உங்க காட்டுப் பக்கமே வர்றதில்லீங்களே." தாளை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்று யாரேனும் கேட்கக்கூடும். எழுத்து மூலம் என்பதே விதி. நான் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. நேர்ந்தால் வருந்தக் கடமைப்பட்டவனும் அல்லன்.

கோகிலாவிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. மேல்காட்டுக்கு அவள் போவதில்லை.

18 நவம்பர், திங்கள்

மூன்றாம் நாள். செத்த எலிகளைப் பொறுக்கி, வெளியே சிந்திய மருந்தையும் கூட்டி, குழி வெட்டிப் புதைத்தேன். வளைக்கு உள்ளே இழுத்துப் போனதை எடுக்கச் சொல்லி விதியில் இல்லை. முருகானந்தம் வந்து பார்த்துவிட்டு, "சார் மாதிரி எல்லாரும் இருந்துட்டா எனக்கு வேலையே இல்லீங்க" என்றார். இம்முறை சிரிக்கவில்லை.

21 நவம்பர், வியாழன்

சரிந்த வரப்பு குறித்து மனு கொடுக்கச் செம்மேடு வரை போய்த் திரும்பினேன். வந்து பார்த்தால் மேல்காட்டில் வளைகள் வாய் பிளந்து கிடக்கின்றன. ஒன்று விடாமல் தோண்டியிருக்கிறான். நான் ஒரு பகல் இல்லாததற்கு.

கோபம் என்று எழுத மாட்டேன். கோபம் சூடானது. இது வேறு.

22 நவம்பர், வெள்ளி

காலையில் ஆதாரத்துக்காகப் படங்கள் எடுத்தேன். சின்னுசாமியின் களத்துமேட்டில் கூச்சல். எட்டிப் பார்த்தேன். அவன் கோழிகள் களத்திலேயே கால் நீட்டிக் கிடக்கின்றன. பெருமாயி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "கழிச்சல் நோவு வந்துருச்சுங்களே, நேத்துக்கூட நல்லா மேஞ்சுதுகளே" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உரல். அவர்கள் குத்திப் புடைத்த சாமை பாயில் காய்கிறது.

கழிச்சல் நோய் அல்ல என்று எனக்குத் தெரியும். எலி மருந்தை எலி உடனே தின்பதில்லை. கதிரோடு கதிராக உள்ளே சேர்த்து வைக்கும். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

சின்னுசாமி வேலிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்தான். "பாத்தீங்களா வாத்தியாரு பங்காளி, எலியுமில்ல, கோழியுமில்ல. இன்னிக்கு ஊட்டுல வெறுஞ்சோறுதானுங்க."

பாயில் இருந்த சாமையைப் பார்த்தேன். பலகை நட்டிருக்கிறேன். அறிவிப்பு கொடுத்திருக்கிறேன். கைநாட்டு இருக்கிறது. அத்துமீறி நுழைந்து எடுத்தது அவன்.

ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாலை வரை அவன் வீட்டுப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. இருமுறை போய்ப் பார்த்தேன்.

23 நவம்பர், சனி

நாமக்கல். மருத்துவமனை நடைகூடம்.

ஒழுங்காக எழுத வேண்டும். ஒழுங்காக.

படங்களை அச்செடுக்கச் செம்மேடு போயிருந்தேன். பிற்பகல் திரும்பினேன். கூடத்தில் யாரும் இல்லை. மேசையில் என் தட்டு, மேலே தட்டு போட்டு மூடி. சாமைச் சோறு. பின்கட்டில் குமட்டும் சத்தம். கோகிலா துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வவுறு எரியுதுங்க. நீங்க சாப்புடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல." அவள் மூச்சில் பூண்டு நாற்றம்.

வீட்டில் பூண்டே இல்லை. நேற்றுத்தான் தீர்ந்தது, வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது — எலி மருந்தின் நாற்றம் அது என்று எனக்குத் தெரியும் — ஆய்வகத்தில், பிள்ளைகளுக்கு — அய்யோ, எங்கிருந்துடீ வந்துச்சு இந்தச் சாமை என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். "சின்னுசாமியண்ணன் குடுத்தாப்புல, மண்ணுப் பங்கு" என்றாள். பிறகு பேச்சில்லை.

சின்னுசாமி எப்படி வந்தான் என்று நினைவில்லை. மிளகு ஏற்றிப் போன வண்டியை நடுச்சாலையில் கை விரித்து நின்று மறித்திருக்கிறான். வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுத்தாள், அவன் மடியில். நான் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காரவள்ளி வந்ததும், "கண்ணு, அடிவாரம் வந்துருச்சு, கண்ணத் தொற சாமி" என்று அவன் பின்னால் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

மருத்துவர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். மருந்தின் பெயரைச் சொன்னேன். உச்சரிப்பு சரியாக இருந்தது.

25 நவம்பர், திங்கள்

உயிர் இருக்கிறது. ஈரல் எப்படி என்று வியாழன் தெரியுமாம்.

காவலர் ஒருவர் வந்தார். விஷம் என்றால் வருவார்கள் போலும். "வீட்டுல ஏதாவது சண்டையா சார்? அவங்களே எடுத்துக்கிட்டாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். என்ன கேள்வி. இல்லை என்றேன். அப்படியானால் யார் கொடுத்தது என்றார்.

உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. சின்னுசாமி என் அனுமதியின்றி என் நிலத்தில் நுழைந்து, நான் தடை செய்திருந்தும் வளைகளைத் தோண்டி, அதிலிருந்த தானியத்தை என் மனைவிக்குக் கொடுத்தான். மருந்து வைத்திருப்பது குறித்து அவனுக்கு எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்கிறது. இதோ நகல். இதோ கைநாட்டு.

காவலர் நகலைப் படித்துவிட்டு, "அப்ப தெரிஞ்சேதான் குடுத்திருக்கான்" என்றார்.

அது அவர் முடிவு என்றேன்.

சின்னுசாமி நடைகூடத்துக் கோடியில் குந்தியிருந்தான். சனிக்கிழமையிலிருந்து ஊருக்குப் போகவில்லை. அதே சட்டை. எழுப்பிக் கூட்டிப்போனார்கள். போகும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். "கண்ணு பேசுச்சுங்களா?" என்று கேட்டான்.

27 நவம்பர், புதன்

பேசினாள். தெளிவாகவே பேசினாள். எழுதி வைக்கிறேன்.

"நோட்டீசு வந்ததுல இருந்து நீங்க தூங்கல. நான்தான் அண்ணங்கிட்டப் போயி, அவரு செம்மேடு போற அன்னிக்கு வந்து தோண்டிக் குடுங்க, அபராதமாச்சும் தப்புமுன்னேன். மாட்டேன்னாப்புல. அழுதுட்டேன். அப்பறந்தான் வந்தாப்புல."

மண்ணுப் பங்கு என்றால் என்ன என்று கேட்டேன்.

"மண்ணு யாருதோ அவங்க ஊட்டுக்கு மொத வள்ளம் சாமையக் குடுத்துருவாங்க. அங்க ஒலையில போட்டதுக்கு அப்பறந்தான் அவங்க ஊட்டுல போடுவாங்க. நம்ம வந்ததுல இருந்து குடுத்துட்டுத்தான் இருக்கறாங்க. அதத்தானே நீங்க வருசம் முச்சூடும் தின்னீங்க."

கறுப்பு மணிகள் தெரியவில்லையா என்றேன். "கரிப்பூட்ட எப்பவும் இருக்குமுங்க. பொறுக்கிப் போட்டேன். நாலு தப்பியிருக்கும்." சாமைக் கதிரில் பிடிக்கும் கரிப்பூட்டை நோயைத்தான் சொன்னாள். முறமும் கையுமாக அவள் உட்கார்ந்திருந்தது அதற்குத்தான் போலும்.

பிறகு:

"வள்ளத்து மேல ஒரு தாள மூடிக் குடுத்தாப்புல. உங்க கையெழுத்து. மறுக்கா ஏதோ சண்டக் கடுதாசின்னு படிக்காம மடிச்சு வெச்சுட்டேன்."

அறிவிப்பு. என் அறிவிப்பு என் அடுக்களைக்கே வந்திருக்கிறது.

"எனக்கு ஏனுங்க சொல்லல?"

எல்லையை ஒட்டிய நிலக்காரருக்குத் தெரிவித்தால் போதும் என்பதே விதி என்றேன்.

"கோழி செத்துதாமா. வெள்ளிக்கெழமையே. நீங்க பாத்துட்டு நின்னீங்கன்னு பெருமாயக்கா சொன்னாங்க."

அதற்கு விதியில் —

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

30 நவம்பர், சனி

கோகிலா வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டுவிட்டேன், யார் மேலும் புகார் இல்லை. சின்னுசாமியை விட்டுவிட்டார்கள். உதடு கிழிந்திருக்கிறதாம்.

அந்த வாக்குமூலம் என்னையும் காப்பாற்றுகிறது என்று காவலர் எனக்கு விளக்கினார். அவர் விளக்க வேண்டியிருந்தது.

9 டிசம்பர், திங்கள்

அவள் அண்ணன் தனபால் வந்து அவளைத் தம் ஊரான திருப்புலி நாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். உடம்பு தேறும்வரை என்று சொன்னார்கள். வீட்டுக்குள் வரவில்லை. வண்டியிலிருந்தபடியே தனபால் கேட்டார்: "மச்சான், தங்கச்சி மொறத்த மட்டும் எடுத்துக் குடுக்கறீங்களா? அது கேக்குது."

எடுக்கப் போனேன். எடுத்த கையோடு வாசலுக்கு வராமல் நின்றுவிட்டேன். தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். எதுவும் வைக்கவில்லை.

17 ஜூன், செவ்வாய்

விதைப்புக்கு ஆள் கேட்டேன். ஊரில் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. "வாரனுங்க" என்கிறார்கள். வருவதில்லை. அடிவாரத்திலிருந்து இருவரை வண்டி வைத்து ஏற்றி வந்து விதைத்தேன்.

தனபாலுக்குத் தொலைபேசினேன். கோகிலா நன்றாக இருக்கிறாளாம். மரவள்ளிக் காட்டில் வேலையாக இருப்பதால் பேச முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அழைத்தபோதும் அதே மரவள்ளிக் காடு.

27 அக்டோபர், திங்கள்

அறுவடையில் பாதி எலிக்கு. மீண்டும் நோட்டீஸ். மருந்து வைக்கக் கூடாது என்று இவ்வாண்டு என் பெயருக்கு மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். தோண்டித்தான் அகற்ற வேண்டும். 'வளை' சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

நானே கடப்பாரை பிடித்தேன். ஒரு வளைக்கு ஒரு முற்பகல். வாயை அடைத்தால் வேறொரு வாய் வழியே போய்விடுகின்றன. எத்தனை வாய் என்று தேர்வில் கேள்வி கேட்டவன் நான்.

10 நவம்பர், திங்கள்

ஊராட்சிக்கு மனு: 'எனது நிலத்தில் உள்ள எலி வளைகளைத் தோண்டி அகற்ற, தகுந்த ஆள் அனுப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' முருகானந்தம் படித்துவிட்டு, "இந்த வேலைக்கு நம்ம பக்கம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தானுங்க சார்" என்றார். தெரியும் என்றேன். "அவருகிட்ட நானா சொல்றது? நீங்களே ஒரு வார்த்த..."

எழுத்து மூலம் தெரிவிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

13 நவம்பர், வியாழன்

போனேன். வேலிக்கு இப்பால் நின்று வாயால் கேட்டேன். சின்னுசாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். பெருமாயி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். துப்பிவிட்டு வந்து சொன்னான்: "தோண்டறனுங்க. மொற மொறையா நடக்கோணும், அவ்வளவுதான்." பங்காளி என்று சொல்லவில்லை.

22 நவம்பர், சனி

இரண்டு நாளாகத் தோண்டினான். நேற்று மாலை முடித்தான். வரப்பில் ஒரு கல் பெயரவில்லை.

இன்று காலை கதவைத் திறந்தபோது படியில் ஒரு வள்ளம் சாமை. மேலே தாள் இல்லை. தேக்கிலை மூடியிருந்தது. அவன் ஓடைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான். என்ன இது என்றேன்.

"மண்ணுப் பங்குங்க. மண்ணு உங்களுதுங்களே."

இதில் மருந்து இருக்குமா என்று கேட்டேன்.

"போன வருசத்து மருந்து இன்னம் உள்ள கெடக்குதோ இல்லியோ, எனக்கென்னங்க தெரியும்? வெச்சது நீங்க."

உங்கள் வீட்டில் சமைத்தாயிற்றா என்றேன். அவன் திரும்பி நின்றான். உதட்டில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"மொதல்ல மண்ணுக்காரரு ஊட்டுல ஒல கொதிக்கோணுமுங்க. அப்பறந்தான் எங்க ஊட்டுல. கண்ணு சொல்லலீங்களா?"

மழை நனைத்த வளையில் இருந்தது என்றால் மருந்து கெட்டுப்போயிருக்கும். கல்வரப்புக்கு அடியில் உலர்ந்து கிடந்தது என்றால் கெட்டிருக்காது. எந்த வளையில் எடுத்தாய் என்று கேட்பதற்குள் ஓடையைத் தாண்டிவிட்டான்.

ஒளித்து வைத்திருந்த முறத்தை எடுத்தேன். சாமையைப் பரப்பிக் கறுப்பு மணிகளைப் பொறுக்குகிறேன். எது பூட்டை, எது மருந்து என்று பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. பொறுக்கப் பொறுக்க இன்னும் கறுப்பாக ஏதோ தட்டுப்படுகிறது.

எதிர் மேட்டில் பெருமாயி அவரைக்காய் உரித்தபடி என் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். மதியம் ஆகிவிட்டது. நான் அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை.